பட்டுப் பிரிவில் சிமிட்டிய விளக்கு: ஜவுளிக்கடை ஒன்றில் மின்தீ தவிர்க்கப்பட்ட நிகழ்வு

பின்னணி

தென் மாவட்ட நகரம் ஒன்றின் கடைவீதியில் உள்ள மூன்று தள ஜவுளிக்கடை இது. கட்டடத்துக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தரைத்தளத்தில் வேட்டி, துண்டு, உள்ளாடை. முதல் மாடியில் பட்டும் பேன்சி சேலைகளும். இரண்டாம் மாடியில் பிள்ளைகள் துணி. மொட்டைமாடியில் பாதியை மறைத்து கோடவுன் ஆக்கியிருக்கிறார்கள். ஏறி இறங்க ஒரே படிக்கட்டு, கூடவே ஒரு சின்ன லிப்ட். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, மற்ற மூன்று பக்கமும் அடுத்த கடைகளின் சுவர்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் முதல் மாடியைப் புதுப்பித்தார்கள். டியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு ஜிப்சம் போர்டில் ஃபால்ஸ் சீலிங் அடித்து, 18 வாட் எல்.இ.டி பேனல்கள் 24 பதித்தார்கள். சேலை அடுக்குகளுக்குச் சின்னச் சின்ன ஸ்பாட் லைட்டுகள் தனி. மின்சாரத்தைச் சர்க்யூட்டுகளாகப் பிரிக்கும் டி.பி. பெட்டியிலிருந்து கூரை வரை சுவருக்குள் பைப்பில் ஓடிய பழைய 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) அலுமினிய வயரை மட்டும் மாற்றவில்லை. அதை மாற்றச் சுவரை வெட்ட வேண்டும், பூச்சு வேலை கூடும், கடை இன்னும் சில நாள் மூடிக் கிடக்கும். எல்.இ.டி வந்ததால் லோடு பாதிக்கு மேல் குறைகிறது, பழைய வயரே தாராளமாகத் தாங்கும் என்று அன்று சொன்னார்கள். லோடைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரிதான். ஆனால் கூரைக்கு மேல் போட்டது புது 1.5 ஸ்கொயர் காப்பர் வயர். அந்தக் காப்பரும் பழைய அலுமினியமும் சந்திக்கும் இணைப்பு, கூரைக்கும் ஜிப்சம் போர்டுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளியில், யார் கண்ணிலும் படாத இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

இரண்டு ஆண்டு கழித்து அதே தளத்தின் கடைசி மூலையில் சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கும் மேசை ஒன்று வந்தது. ஒரு தையல் மெஷின், ஒரு 1000 வாட் அயர்ன் பாக்ஸ். பக்கத்தில் பவர் பாயிண்ட் இல்லாததால், சுவர் ஃபேனுக்கு இருந்த போர்டிலேயே ஒரு சாக்கெட்டைச் சேர்த்துவிட்டார்கள். அந்த போர்டு விளக்குகளின் சர்க்யூட்டில் இருந்தது. புதுப்பித்தபோது போட்ட லோடு கணக்கு அதோடு காலாவதியாகிவிட்டது. யாரும் திரும்பக் கணக்குப் பார்க்கவில்லை.

கவனத்துக்கு வந்தவை

ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு, பட்டுப் பிரிவின் நடு வரிசையில் ஒரு பேனல் சிமிட்டத் தொடங்கியது. வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் பேனலை மாற்றினார். இரண்டு நாள் ஒழுங்காக எரிந்தது, அப்புறம் மறுபடி சிமிட்டல். பேனலுக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவர் என்ற சின்னப் பெட்டியை மாற்றினார். சில வாரங்களில் பக்கத்து பேனலும் சேர்ந்து சிமிட்டியது. கடையின் பில் கட்டைப் புரட்டினால், மூன்று முறை புதுப் பேனல் வாங்கியிருப்பது தெரிகிறது. மூன்றும் ஒரே இடத்துக்கு என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். "இந்தக் கம்பெனி மால் மட்டம்" என்று முடிவு செய்து, மூன்றாவது முறை விலை கூடிய வேறு கம்பெனி பேனல் வாங்கினார்கள். அதுவும் சிமிட்டியது.

இந்த நிகழ்வில் எல்லோரும் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஒரு விளக்கு ஒரு முறை பழுதானால் விளக்கைச் சந்தேகிக்கலாம். அதே இடத்தில் இரண்டாவது விளக்கும் பழுதானால், சந்தேகம் விளக்கை விட்டு வயருக்குப் போயிருக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு புதுப் பேனலும் புகாரை மட்டும் அடக்கி வைத்தது. காரணம் மேலே அப்படியே இருந்தது.

அடுத்து வந்தது வாடை. மதியத்துக்கு மேல் பட்டுப் பிரிவில் லேசாகக் கருவாட்டு வாடை அடிப்பதாக விற்பனைப் பெண்கள் சொன்னார்கள். முதலில் யாரோ சாப்பாட்டில் கொண்டு வந்திருப்பார்கள் என்று பேச்சு. ஒரு பெண்ணின் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டச் சொல்லும் அளவுக்குப் போய், அவர் அழுதிருக்கிறார். பிறகு செத்த எலி என்று சந்தேகம் வந்து, அடுக்குகளை எல்லாம் நகர்த்தித் தேடினார்கள். எலியும் இல்லை.

கனெக்டர், ஹோல்டர், ஸ்விட்ச் போன்றவற்றைச் செய்யும் சில பிளாஸ்டிக்குகளில் நைட்ரஜன் கலந்த பொருள்கள் உண்டு. அவை அளவுக்கு மீறிச் சூடாகும்போது அமீன் வகை வாயுக்கள் வெளியாகும். மீனுக்கு அதன் வாடையைத் தருவதும் அதே குடும்பத்து வாயுதான். அதனால் மீன் சமைக்காத இடத்தில் மீன் வாடையோ, கழிவறை பக்கத்தில் இல்லாத இடத்தில் மூத்திர வாடையோ விட்டு விட்டு வந்தால், முதலில் பார்க்க வேண்டியது மின் இணைப்புகளை. புகை கிளம்புவதற்கு நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் முன்னாலேயே இந்த வாடை வந்துவிடும். கருகல் வாடை வந்தால்தான் ஆபத்து என்று நம் ஆட்கள் நினைத்துக்கொண்டிருப்பது பெரிய இழப்பு.

மூன்றாவது அறிகுறியைப் பிடித்தவர் ஃபால்ஸ் மேசைக்கு எதிரே நின்று விற்கும் ஒரு விற்பனைப் பெண். நாள் முழுக்க அதே இடத்தில் நிற்பவர். அவர் மேலாளரிடம் சொன்னது: "சார், அயர்ன் பாக்ஸ்ல செவப்பு லைட்டு எரியும்போதுதான் மேல லைட்டு சிமிட்டுது. அது அணைஞ்சா இது ஒழுங்கா இருக்கு. வேணும்னா நின்னு பாருங்க."

மேலாளர் நின்று பார்த்தார். அந்தப் பெண் சொன்னது அப்படியே இருந்தது. தீபாவளிக்கு முகப்பில் சீரியல் செட் போடும் முன் லோடு பார்த்துச் சொல்லும்படி, மின் சோதனை செய்யும் எங்களை அழைக்கவிருந்தார்கள். மேலாளர் அதற்குக் காத்திருக்காமல் அன்றே வரச் சொன்னார்.

அன்று மாலை செய்த சோதனை

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. வயரைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் ஒரு டாங் டெஸ்டர், வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர், தூரத்திலிருந்து வெப்பம் பார்க்கும் துப்பாக்கி மாதிரியான தெர்மாமீட்டர். இவ்வளவுதான்.

அயர்ன் பாக்ஸ் ஆஃபில் இருக்கும்போது அந்தச் சர்க்யூட் 2.7 ஆம்பியர் எடுத்தது. டி.பி.யில் 231 வோல்ட், கடைசி சாக்கெட்டில் 227. அயர்ன் பாக்ஸ் சூடேறும்போது மின்னோட்டம் 7 ஆம்பியராக ஏறியது. டி.பி.யில் அதே 231 வோல்ட். கடைசி சாக்கெட்டில் 221.

பத்து வோல்ட் எங்கே போனது? 1.5 ஸ்கொயர் காப்பருக்கும் 2.5 ஸ்கொயர் அலுமினியத்துக்கும் மின்தடை ஏறக்குறைய ஒன்றுதான், கிலோமீட்டருக்கு 12 ஓம். டி.பி.யிலிருந்து அந்த சாக்கெட் வரை 25 மீட்டர், போய்வர 50 மீட்டர். அப்படியென்றால் 0.6 ஓம். 7 ஆம்பியரில் வயர் தின்பது நாலு வோல்ட்டுக்குச் சற்று மேல். மீதி ஆறு வோல்ட் வயரில் போகவில்லை. வழியில் ஏதோ ஓர் இணைப்பில் போகிறது. 6 வோல்ட்டை 7 ஆம்பியரால் பெருக்கினால் 42 வாட். எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கப் பயன்படும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிட அதிகச் சூடு கக்கும் ஒன்று, கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, அயர்ன் பாக்ஸ் எரியும் நேரமெல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

இடத்தைக் கண்டுபிடிக்க சீலிங்கை வரிசையாக தெர்மாமீட்டரால் பார்த்தோம். ஏ.சி. ஓடும் கூடத்தில் ஜிப்சம் போர்டு எங்கும் ஏறக்குறைய ஒரே வெப்பம். சிமிட்டும் பேனலிலிருந்து இரண்டடி தள்ளி, ஓரிடத்தில் மட்டும் நாலைந்து டிகிரி கூடுதல். அண்ணாந்து உற்றுப் பார்த்தால் வெள்ளைப் பெயிண்டில் டீக்கறை மாதிரி ஒரு மங்கல் வட்டம். அதற்கு நேர் கீழே கூட்டத்துக்கு நடுவில் பட்டுச் சேலைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. ஆண்டு விற்பனையில் பெரும்பங்கு அந்த வாரங்களில்தான் நடக்கும். முதலாளி (ஊழியர்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி) கேட்டது நியாயமான கேள்வி: "ரெண்டு மாசமா இப்படித்தானே இருக்கு. தீபாவளி முடிஞ்ச மறுநாளே பிரிச்சுப் பாத்துருவோமே சார்?"

எங்கள் பதில்: இரண்டு மாதம் தாங்கியதாலேயே இன்னும் மூன்று வாரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. லூஸ் இணைப்பு ஒரே நிலையில் நிற்பதில்லை. சூடாகும்போது உலோகம் விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது, ஒவ்வொரு முறையும் பிடி இன்னும் கொஞ்சம் தளர்கிறது. தளர்ந்தால் தடை கூடும். தடை கூடினால் சூடு கூடும். அலுமினியத்தில் இது இன்னும் வேகம். அது காப்பரை விட அதிகம் விரிகிறது. ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளாவட்டத்தில் தட்டையாகிப் பிடி விடுகிறது. காற்றுப் பட்டதும் அதன் மேல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம் உண்டாகிறது. தீபாவளி நெருங்க நெருங்க ஃபால்ஸ் வேலை கூடும், அயர்ன் பாக்ஸ் நாள் முழுக்க எரியும். அதாவது இணைப்பு மிக மோசமாக இருக்கும் நாளும், கடையில் கூட்டம் மிக அதிகமாக இருக்கும் நாளும் ஒன்றாக வரும். இறங்குவதற்கு ஒரே படிக்கட்டு.

படிக்கட்டைப் பற்றி நாங்கள் சொன்னதும் அண்ணாச்சி வேறு கேள்வி கேட்கவில்லை.

முழுக் கடையையும் மூடச் சொல்லவில்லை. அதற்குத் தேவையும் இல்லை, சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருக்கவும் மாட்டார்கள். அந்த ஒரு சர்க்யூட்டின் எம்.சி.பி.யை (ட்ரிப்பர் ஸ்விட்சை) உடனே இறக்கி, யாரும் ஏற்றாதபடி டேப் சுற்றி, மேலே தாளில் எழுதி ஒட்டினோம். நடு வரிசை இருட்டானது. ஸ்டாண்ட் வைத்த எல்.இ.டி விளக்குகள் நான்கை ஏ.சி.க்கான பவர் லைனிலிருந்து எடுத்து வைத்து வியாபாரம் தொடர்ந்தது. அயர்ன் மேசை தரைத்தளத்துக்கு இறங்கியது.

இன்னொன்றும் செய்தோம். மின்சாரத்தை நிறுத்தியவுடன் ஆபத்து முடிந்துவிடாது. ஜவுளிக்கடையின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் பஞ்சுத்தூசு படிந்திருக்கும். அது ஏற்கெனவே கனலத் தொடங்கியிருந்தால் கரண்ட் இல்லாமலே மணிக்கணக்கில் உள்ளுக்குள் புகைந்து பிறகு பற்றும். அதனால் கடை அடைக்கும்வரை ஒரு ஊழியரை கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானுடன் அந்த இடத்தின் கீழேயே நிறுத்தினோம். மின் இணைப்பு இருக்கும் இடத்தில் தண்ணீரை எடுக்கவே கூடாது என்பதையும் அப்போதே எல்லோருக்கும் சொன்னோம். மாடியில் வாளித் தண்ணீர் தயாராக வைத்திருந்தார்கள். அதை எடுத்துப் போகச் சொல்ல வேண்டியிருந்தது.

சீலிங்குக்கு மேலே இருந்தது

இரவு பத்து மணிக்கு ஷட்டர் இறங்கியதும் மெயினை ஆஃப் செய்து, கறை இருந்த இடத்தில் போர்டை வெட்டி எடுத்தோம்.

பேஸ் (மின்சாரம் வரும் கம்பி) இணைப்பு கையால் முறுக்கி டேப் சுற்றியது. டேப்பின் பசை உருகி வழிந்து காய்ந்திருந்தது, ஆனால் உள்ளே கம்பி பரவாயில்லை. நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் கம்பி) ஒரு ஸ்ட்ரிப் கனெக்டரில், அதாவது ஸ்க்ரூ வைத்த பிளாஸ்டிக் இணைப்பில், இருந்தது. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய கனெக்டர் புகையிலை நிறத்தில், பாதி உருகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஸ்க்ரூக்களில் ஒன்று நீலம் பாரித்திருந்தது, அவ்வளவு சூடு கண்டிருக்கிறது. அலுமினியக் கம்பியின் முனை வெண்பொடி பூத்து, தொட்டதும் ஆடியது. இரண்டு வயர்களின் பி.வி.சி. உறையும் மூன்று விரற்கடை நீளத்துக்குக் கறுத்து, வளைத்தால் முறுக்கு மாதிரி நொறுங்கியது. சாதாரண பி.வி.சி. உறை தொடர்ந்து தாங்க வேண்டிய வெப்பம் 70 டிகிரி மட்டுமே. கறுத்த உறையில் உருவாகும் கரி தானே மின்சாரத்தைக் கடத்தும். அந்த நிலைக்கு வந்தபிறகு அடுத்த படி நெருப்புதான். கனெக்டரின் மேல் விரல் தடிமனுக்குப் பஞ்சுத்தூசு. போர்டைத் தாங்கிய மர ரீப்பரில் உள்ளங்கை அளவு பழுப்பு.

சிமிட்டலின் காரணமும் அங்கேயே தெரிந்தது. 7 ஆம்பியர் ஓடும்போது அந்த ஆடும் முனையில் பொறி விட்டு விட்டுத் தாவியிருக்கிறது. ஒவ்வொரு தாவலிலும் ஒரு கணம் மின்சாரம் அறுந்து சேர்கிறது. விலை குறைந்த டிரைவர்கள் அதைத் தாங்காமல் கண் சிமிட்டுகின்றன. நல்ல டிரைவர்கள் அந்த அறுதலை விழுங்கிவிடும், விளக்கு ஒழுங்காக எரிவதுபோலவே காட்டும். விலை கூடிய மூன்றாவது பேனல் சற்றுக் குறைவாகச் சிமிட்டியது அதனால்தான். எல்லாப் பேனல்களும் உயர்ந்த ரகமாக இருந்திருந்தால் அந்த விற்பனைப் பெண்ணுக்குப் பார்க்க எதுவுமே இருந்திருக்காது.

ட்ரிப்பர் ஏன் விழவில்லை

அண்ணாச்சி மட்டுமல்ல, எலக்ட்ரீஷியனே கேட்ட கேள்வி இது. "ட்ரிப்பர் நல்ல கம்பெனி சார், ஏன் விழல?"

அது விழ வேண்டிய வேலையே அங்கு நடக்கவில்லை. எம்.சி.பி. இரண்டு சந்தர்ப்பங்களில் விழும். ஒன்று, பேஸும் நியூட்ரலும் நேராக ஒட்டிப் பெரும் மின்னோட்டம் பாயும்போது. இரண்டு, அதன் அளவுக்கு மேல் லோடு நீடிக்கும்போது. அங்கே இருந்தது 10 ஆம்பியர் எம்.சி.பி., ஓடியது 7 ஆம்பியர். லூஸ் இணைப்பு வழியில் கூடுதல் தடையாக நிற்பதால் மின்னோட்டத்தைக் குறைக்கவே செய்யும். மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் இ.எல்.சி.பி. விழுவதற்கு மின்சாரம் எர்த்துக்கோ ஆள் உடம்பு வழியோ கசிய வேண்டும், வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு. இங்கே போன மின்சாரம் முழுக்க ஒழுங்காகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. இந்த மாதிரிப் பொறியைக் கண்டுபிடித்துத் துண்டிக்கும் கருவிகள் உண்டு. நம் கடைகளிலும் வீடுகளிலும் அவை இன்னும் அபூர்வம். ஆகவே இந்த வகைப் பழுதுக்கு நம்மிடம் இருக்கும் எச்சரிக்கை மணி, மனிதரின் கண்ணும் மூக்கும்தான்.

பழுது நீக்கம்

அன்றிரவே ஒரு விவாதம் வந்தது. எலக்ட்ரீஷியன் அனுபவசாலி, வேலையில் சுத்தமானவர். கருகியதை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டு முறுக்கிக் கொடுத்தால் தீபாவளி வரை ஓடும் என்றார். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

டெல்லி உபகார் திரையரங்கை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. 1997 ஜூன் 13 அன்று காலை அங்கிருந்த டிரான்ஸ்பார்மர் ஒன்றில் சிறிய தீப்பிடித்தது. முன்பகலிலேயே பழுது பார்த்து ஓட விட்டார்கள். கேபிள் முனையில் மாட்டும் லக் என்ற உலோகத் துண்டை, அதை அழுத்திப் பிடிக்க வைக்கும் கிரிம்ப்பிங் மெஷினால் அழுத்தாமல் சுத்தியலால் தட்டிப் பொருத்தியிருந்தார்கள் என்பது பின்னர் நீதிமன்றம் வரை பதிவானது. மாலை அந்த லூஸ் இணைப்பு பொறிவிட்டு, கேபிள் கழன்று, எண்ணெய் பற்றி, புகை அரங்குக்குள் ஏறி 59 பேர் இறந்தார்கள். கதவுகள், வழிகள் என்று அங்கே வேறு பல குற்றங்களும் இருந்தன. ஆனால் தொடக்கம், அவசரத்தில் அரைகுறையாகப் பொருத்திய ஓர் இணைப்பு.

இதைச் சொன்னதும் எலக்ட்ரீஷியனே, "அப்போ அலுமினியத்தையே விட்டுருவோம் சார்" என்றார். வழியையும் அவரே சொன்னார். சுவரை வெட்ட வேண்டாம், படிக்கட்டு ஓரமாக வெளியே பி.வி.சி. கேசிங் ஏற்றி, டி.பி.யிலிருந்து நேரே புது 2.5 ஸ்கொயர் காப்பர் இழுத்துவிடலாம் என்று. பார்க்க அழகில்லை, ஆனால் இரண்டு இரவில் முடிந்தது. தீப்பிடித்தாலும் குறைந்த புகை விடும் எஃப்.ஆர்.எல்.எஸ். வகை வயர் போட்டோம். ஒவ்வொரு இணைப்பும் மூடியுள்ள ஜங்ஷன் பெட்டிக்குள், ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே கையால் திறக்கும் சீலிங் கதவு. அயர்ன் பாக்ஸுக்குத் தனி லைன், தனி எம்.சி.பி.

அந்தத் தளத்தின் மற்ற இரண்டு விளக்கு வரிசைகளையும் திறந்து பார்த்ததில் நிறம் மாறிய கனெக்டர்கள் இன்னும் மூன்று கிடைத்தன. அவை சிமிட்டவும் இல்லை, வாடை அடிக்கவும் இல்லை. பழைய லைனை, வயர் உறையின் மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் சோதித்தபோது 0.6 மெகா ஓம் காட்டியது. குறைந்தது 1 இருக்க வேண்டும். புது லைன் நூறைத் தாண்டியது.

அதற்குப் பின்

தீபாவளி வியாபாரம் தடையில்லாமல் நடந்தது. அயர்ன் மேசை கீழேயே நின்றுவிட்டது.

மேலாளர் தளத்துக்கு ஒரு நோட்டு வைத்தார். விளக்கு சிமிட்டினால், டிம்மானால், ஸ்விட்ச் சுட்டால், வாடை அடித்தால், யார் வேண்டுமானாலும் இடம், நேரம், அப்போது வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எழுத வேண்டும். கடைசிக் கேள்விதான் இந்த நோட்டின் உயிர். அயர்ன் பாக்ஸும் விளக்கும் சேர்ந்து நடப்பதை ஒரு விற்பனைப் பெண் கண்டுபிடித்த அதே வேலையை எல்லோரையும் செய்ய வைக்கிறது. வந்தவற்றில் பெரும்பாலானவை சாதாரணம்: ஆயுள் முடிந்த பேனல், தளர்ந்த ஸ்விட்ச். அவற்றுக்காக யாரையும் கடிந்துகொள்ளக் கூடாது என்று மேலாளர் கண்டிப்பாக இருந்தார். வீண் புகார் என்று ஒருவரைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டால் அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார்.

ஒரு குறிப்பு கோடவுனிலிருந்து வந்தது. அங்கே இன்னும் பழைய சோக் வைத்த டியூப் லைட்டுகள். அதில் ஒரு டியூப் இரண்டு முனையும் கறுத்து, ஸ்டார்ட்டர் விடாமல் முயன்றுகொண்டிருக்க, மூச்சு வாங்குவதுபோல் மின்னிக்கொண்டிருந்தது. இப்படி எரிய முடியாமல் தவிக்கும் டியூபில், ஸ்டார்ட்டர் ஒவ்வொரு முறை மூடும்போதும் சோக் வழியே வழக்கத்தைவிட அதிக மின்னோட்டம் ஓடும். சோக் காய்ந்து, உள்ளிருக்கும் தார் போன்ற பொருள் கசிந்து சட்டத்தில் வழிந்திருந்தது. கீழே அட்டைப்பெட்டி அடுக்கு. டியூபைக் கழற்றியதோடு, சோக் வைத்த சட்டங்கள் அத்தனையையும் அகற்றினார்கள்.

இன்னொரு நாள் காலை கடை திறந்ததும் தரைத்தள விளக்குகள் கண் கூசும்படி எரிய, இரண்டாம் மாடியில் ஃபேன்கள் சோர்ந்து சுற்றின. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால், மூன்று பேஸ் மெயினில் நியூட்ரல் விடுகிறது என்று அர்த்தம். அப்போது 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 415 வரை ஏறலாம். டிரைவர், ஏ.சி., பில் போடும் கம்ப்யூட்டர் எதுவும் மிஞ்சாது, சில சமயம் தீயே பிடிக்கும். மெயினை இறக்கியவர் மேலாளர் அல்ல, தரைத்தளத்தில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா. "வெளிச்சம் ஏறினா மெயினை இறக்குங்கன்னு சொன்னீங்களே" என்றார். கடையின் மெயின் போர்டில் நியூட்ரல் லிங்க்கின் நட்டு தளர்ந்திருந்தது. இரண்டு பேனல் டிரைவர்கள் போனதோடு சேதம் நின்றது.

மாற வேண்டியவை

புதுப்பிக்கும் வேலையை ஒப்பந்தம் பேசும்போதே, சீலிங்குக்கு மேல் வரும் ஒவ்வொரு இணைப்புக்கும் திறக்கும் வழி வேண்டும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். இணைப்பு செய்த இடங்களைக் குறித்த ஒரு கைவரைபடம் போதும், எங்களுக்கு அந்தக் கறையைத் தேட வேண்டிய வேலையே இருந்திருக்காது. அலுமினியத்தையும் காப்பரையும் சேர்க்க வேறு வழியே இல்லையென்றால் அதற்கென்றே உள்ள இரு உலோக லக் போட்டுக் கிரிம்ப் செய்ய வேண்டும். முறுக்கு, டேப், சாதாரண ஸ்ட்ரிப் கனெக்டர் மூன்றும் கூடாது.

விளக்கு சர்க்யூட்டில் சூடேற்றும் சாதனம் எதுவும் சேரக் கூடாது. அயர்ன் பாக்ஸ், கெட்டில், டீ சூடாக்கும் அடுப்பு எதுவானாலும் சரி. ஒரு சாக்கெட் சேர்க்க ஐந்து நிமிடம்தான் ஆகிறது என்பதாலேயே இதை யாரும் வேலையாகக் கருதுவதில்லை. இந்தக் கடையில் இப்போது புது பாயிண்ட் எதுவானாலும் மேலாளரின் கையெழுத்து வேண்டும்.

விளக்கு மாற்றும் பில்லில் இடத்தையும் எழுதுவது இன்னொரு மாற்றம். "18 வாட் பேனல் ஒன்று" என்று மட்டும் இருந்த பழைய பில்களைப் பார்த்து யாராலும் எதையும் ஊகித்திருக்க முடியாது. எலக்ட்ரீஷியனின் நினைவிலிருந்துதான் மூன்றும் ஒரே இடம் என்று தெரிந்தது. ஒரே இடத்தில் இரண்டாவது முறை மாற்ற நேர்ந்தால், அந்தப் புள்ளியில் வோல்ட் அளந்து, மேலே இணைப்பைத் திறந்து பார்த்த பிறகே புது விளக்கு என்பது இப்போது விதி.

படிக்கட்டு இன்னும் ஒன்றுதான். பின்சுவர் பக்கத்துக் கடையுடையது என்பதால் இரண்டாவது வழிக்குப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை படியிலும் திருப்பத்திலும் சரக்கு மூட்டை வைக்காமல் பார்த்துக்கொள்ள ஒருவருக்குப் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். கோடவுனுக்குப் போகும் லைனும் இரண்டாம் மாடியின் ஒரு பகுதியும் இன்னும் பழைய அலுமினியம். அவற்றை அடுத்த ஆடிக்கு முன் மாற்றி முடிக்க வேண்டும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறோம். அதுவரை மாதம் ஒருமுறை அந்த இணைப்புகளின் வெப்பத்தை, கடை நிரம்பி எல்லா விளக்கும் எரியும் மாலை நேரத்தில், அளந்து அதே நோட்டில் எழுதி வருகிறார்கள்.